அம்மாவின் புது லென்ஸும் மெடிகேர் மறுத்த குறியீடும்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் வாசகி ஒருவர், தம் தாயாரின் கண்புரை அறுவை சிகிச்சைக்கு வந்த பில்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பெயர், ஊர் முதலிய விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

தாயாருக்கு வயது 73. கிரீன் கார்டில் வந்து ஐந்து ஆண்டுகள் கழிந்தபின், மாதாமாதம் பிரீமியம் கட்டி, முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேரின் பார்ட் ஏ (மருத்துவமனைச் செலவு), பார்ட் பி (மருத்துவர், வெளிநோயாளர் செலவு) இரண்டிலும் சேர்ந்தவர். 2025-ல் அவருடைய வலது கண்ணில், ஒரே நாளில் வீடு திரும்பும் அறுவை சிகிச்சை மையம் ஒன்றில், கண்புரை நீக்கப்பட்டது. தூரம், கிட்டம் இரண்டுக்கும் உதவி, சிலிண்டர் பவரையும் சரிசெய்யும் புது வகை லென்ஸ் வைக்கப்பட்டது. “இப்போது எல்லாரும் இதைத்தான் வைத்துக்கொள்கிறார்கள்” என்று மருத்துவரின் அலுவலகத்தில் சொன்னார்களாம். சாதாரண லென்ஸைப் பற்றிப் பேச்சே எழவில்லை. முன்கூட்டியே 3,400 டாலர் கட்டினார்கள். ரசீதில் இரண்டே வரிகள்: ‘ப்ரீமியம் லென்ஸ் 2,500’, ‘லேசர் 900’. பிறகு மெடிகேர் அனுப்பிய அறிக்கையில் கண்புரை அறுவையைக் குறிக்கும் 66984 என்ற பில் குறியீடு இரண்டு இடங்களிலும், மயக்க மருந்துக்கான 00142 ஓரிடத்திலும் இருந்தன. லென்ஸுக்கான வி2787, வி2788 ஆகிய இரண்டு வரிகளுக்கு நேராகக் காப்பீடு கிடையாது என்று போட்டிருந்தது.

சென்னையில் மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கும் இவருடைய சித்தி மகன், “புது லென்ஸுக்குத் தனிக் குறியீடு இருக்கிறது, க்யூ1003 அல்லது சி1780 போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் 66984-ஐ 66982 ஆக மாற்றச் சொல்லுங்கள், பணம் வரும்” என்று யோசனை சொல்லியிருக்கிறார். அதன்படி மருத்துவரிடம் கேட்கலாமா, ஒரே அறுவைக்கு இருமுறை பில் போட்டிருக்கிறார்களா, மெடிகேர் பணம் தராமல் போகலாம் என்று முன்கூட்டியே எச்சரிக்கும் ஏபிஎன் படிவத்தில் கையெழுத்து வாங்காததால் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா, அடுத்த மாதம் நடக்கவிருக்கும் இடது கண் அறுவைக்கும் இதே தொகையைக் கட்டியாக வேண்டுமா என்பவை இவருடைய கேள்விகள். அறுவைக்குப் பிறகான கண்ணாடியைப் பற்றியும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய அறிக்கையையும் ரசீதையும் வரிவரியாகப் பார்த்தேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த வரியைப் பார்த்துப் பதறினீர்களோ, அந்த வி2788-ல் பிழை ஏதும் தெரியவில்லை. நீங்கள் ஒரு கேள்வியும் கேட்காமல் கடந்துபோன ‘லேசர் 900’ என்ற வரியைத்தான் அவசியம் கேட்டாக வேண்டும்.

மெடிகேர் ஏன் மறுத்தது

கண்புரையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் செயற்கை லென்ஸ் வைப்பதற்கு மெடிகேர் பணம் தருகிறது. ஆனால் வழக்கமான மூக்குக் கண்ணாடிக்கும், கண்ணாடிப் பவர் பார்க்கும் பரிசோதனைக்கும் பணம் தரக்கூடாது என்று அதன் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. நீண்ட காலம் இவ்விரண்டும் தனித்தனியாகவே இருந்ததால் சிக்கல் எழவில்லை. கண்ணாடியின் வேலையையும் சேர்த்துச் செய்யும் லென்ஸ்கள் வந்தபோதுதான், 2003-ன் இறுதியில் கிரிஸ்டலென்ஸும் 2005 மார்ச்சில் ரெஸ்டோரும் அனுமதி பெற்றபோதுதான், ஒரே பொருளில் பாதிக்குப் பணம் தரலாம், பாதிக்குத் தரக்கூடாது என்ற நிலை உண்டாயிற்று. மெடிகேரை நிர்வகிக்கும் சிஎம்எஸ் அமைப்பு 2005 மே 3 முதல் நடைமுறைக்கு வந்த ஒரு தீர்ப்பாணையின் மூலம் வெள்ளெழுத்தைச் சரிசெய்யும் லென்ஸ்களுக்கும், 2007 ஜனவரி 22 முதல் வந்த மற்றொன்றின் மூலம் சிலிண்டர் பவரைச் சரிசெய்யும் டோரிக் லென்ஸ்களுக்கும் வழி சொன்னது.

அந்த வழி இதுதான்: கண்புரை அறுவைக்கும் சாதாரண லென்ஸுக்கும் ஆகும் தொகையை மெடிகேர் வழக்கம்போல் தரும். அதற்கு மேல் லென்ஸுக்கு ஆகும் கூடுதல் விலையையும், அதைப் பொருத்துவதற்கென்றே செய்யப்படும் கூடுதல் பரிசோதனைகளின் கட்டணத்தையும் நோயாளியிடம் வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கூடுதல் பகுதியைப் பிரித்துக் காட்டுவதற்காக ஏற்பட்டவையே வி2788 (வெள்ளெழுத்தைச் சரிசெய்யும் வேலை), வி2787 (சிலிண்டர் பவரைச் சரிசெய்யும் வேலை) என்னும் குறியீடுகள். இவை கம்பெனியையோ மாடலையோ குறிப்பதில்லை. பேன்ஆப்டிக்ஸ், விவிட்டி, சிம்ஃபனி என்று எதை வைத்தாலும், அந்த வேலைக்கு அந்தக் குறியீடுதான். உங்கள் அம்மாவின் லென்ஸ் இரண்டு வேலையும் செய்வதால் இரண்டு வரிகள் வந்திருக்கின்றன. மறுப்பு வரும் என்று தெரிந்தேதான் இவற்றை அனுப்புவார்கள். இது மெடிகேருக்கு உட்படாத செலவு என்பதற்கு உங்கள் கையிலும் அவர்கள் கையிலும் எழுத்துப்பூர்வமான பதிவு இருக்கவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

ஆகவே இந்த மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்வதில் பயனில்லை. மேல்முறையீட்டுக்கு 120 நாள் அவகாசம் உண்டு, கடைசித் தேதி அறிக்கையிலேயே அச்சாகியிருக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் சட்டமே விலக்கியிருக்கும் ஒன்றை மேல்முறையீட்டில் எவராலும் அனுமதிக்க முடியாது. உங்கள் நேரத்தை வேறொன்றுக்குச் செலவிடுங்கள்.

சித்தி மகன் சொன்ன குறியீடுகள்

அவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருக்கிறார். குறியீட்டுப் பட்டியலில் ‘புதிய தொழில்நுட்ப உள்விழி லென்ஸ்’ என்ற தலைப்பு இருப்பதைப் பார்த்தவர், புதிதாக வந்த லென்ஸுக்கு அது பொருந்தும் என்று நினைத்தது இயல்பே. ஆனால் அந்தத் தலைப்பு ஒரு தனி ஏற்பாட்டைக் குறிக்கிறது. ஒரு குறிப்பிட்ட நன்மையை லென்ஸ் தருகிறது என்று மருந்து, உணவு நிர்வாகமான எஃப்டிஏ அதன் லேபிளில் ஒப்புக்கொண்டு, சிஎம்எஸ் அந்த வகையைத் தன் பட்டியலிலும் சேர்த்தால்தான், அறுவை சிகிச்சை மையத்துக்கு ஒரு லென்ஸுக்கு 50 டாலர் வீதம் ஐந்தாண்டுகளுக்குக் கூடுதலாகக் கிடைக்கும். க்யூ1003 என்பது கோளப் பிறழ்ச்சியை (ஒளி ஒரே புள்ளியில் குவியாத குறையை) குறைக்கும் லென்ஸ் வகைக்கு அப்படித் தரப்பட்டது. 2006 பிப்ரவரி 27-ல் தொடங்கி 2011 பிப்ரவரி 26-ல் அதன் காலம் முடிந்துவிட்டது. அது நடப்பில் இருந்த நாளிலும் அந்த 50 டாலர் மையத்துக்குப் போயிற்றே தவிர, நோயாளி கட்டிய தொகையில் கழிக்கப்பட்டதில்லை. சி1780 முதன்மையாக மருத்துவமனை வெளிநோயாளர் பில்லில் லென்ஸைக் குறிப்பதற்கானது. அறுவைக்குத் தரும் தொகைக்குள்ளேயே லென்ஸும் அடங்கிவிடுவதால், அதைப் போட்டாலும் தனியாகப் பணம் வராது.

66982-ஐப் பற்றிச் சற்று அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது சிக்கலான கண்புரை அறுவைக்கான குறியீடு. கண்பாவை விரியாததால் வளையமோ கொக்கியோ வைத்து விரித்துப் பிடிக்க வேண்டியிருந்தது, லென்ஸ் நிலைத்து நிற்கத் தையல் போட வேண்டியிருந்தது, அல்லது பார்வை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் வயதுக் குழந்தைக்கு அறுவை செய்யப்பட்டது என்பன போன்ற காரணங்கள் அறுவைக் குறிப்பில் எழுதப்பட்டிருந்தால்தான் அதைப் போடலாம். விலை உயர்ந்த லென்ஸ் வைத்ததால் அறுவை சிக்கலானதாகிவிடாது. உங்கள் அம்மாவுக்கு அப்படி எதுவும் செய்ய நேரவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். செய்யாத ஒன்றைச் செய்ததாக எழுதி அரசிடம் பணம் கோருவது, பொய்க் கோரிக்கைகளைத் தண்டிக்கும் ஃபால்ஸ் க்ளெய்ம்ஸ் சட்டத்தை மீறுவதாகும். மருத்துவருக்கு அதனால் பெரும் ஆபத்து, அதைக் கேட்டு வாங்கிய குடும்பத்துக்கும் நல்லதல்ல. இன்னொன்றையும் கவனியுங்கள்: குறியீட்டை மாற்றினால் மையத்துக்கும் மருத்துவருக்கும் கிடைக்கும் தொகை மாறலாமே ஒழிய, நீங்கள் கட்டிய 3,400 டாலரில் ஒரு டாலர்கூடக் குறையாது. தயவுசெய்து இந்தக் கோரிக்கையை மருத்துவரிடம் வைக்காதீர்கள்.

66984 இருமுறை வந்திருப்பது இரட்டை பில் அல்ல. மருத்துவர் தம் வேலைக்கு ஒருமுறையும், மையம் அறுவை அரங்கு, செவிலியர், கருவிகள், சாதாரண லென்ஸ் ஆகியவற்றுக்காக ஒருமுறையும் அதே குறியீட்டைத்தான் போடவேண்டும். மயக்க மருந்து கொடுத்தவர் தனி. இந்த மூன்றிலும் மெடிகேர் அனுமதித்த தொகையில் 20 சதவீதம் உங்கள் பங்கு. அதற்கு முன், பார்ட் பி பணம் தரத் தொடங்குவதற்கு ஆண்டுதோறும் நீங்கள் கட்டவேண்டிய கழிவுத் தொகை (2025-ல் 257 டாலர்) தீர்ந்திருக்க வேண்டும். மெடிகேர் அனுமதித்த தொகையையே முழுக் கட்டணமாக ஏற்றுக்கொண்டவர்கள் என்றால், அதற்கு மேல் இந்த மூன்று வரிகளுக்காக யாரும் உங்களிடம் வசூலித்திருக்கக் கூடாது. 66984-க்கு மருத்துவருக்குத் தரும் தொகையில் அறுவைக்குப் பிந்தைய 90 நாள் வழக்கமான பரிசோதனைகளும் அடக்கம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கையெழுத்து வாங்காத படிவம்

ஏபிஎன் இல்லாததால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. மெடிகேர் பொதுவாகப் பணம் தரும் ஒரு சிகிச்சை இந்த நோயாளிக்கு மருத்துவ ரீதியாகத் தேவையில்லை என்று மறுக்கப்படலாம் என்ற நிலையில்தான் அந்தப் படிவம் கட்டாயம். சட்டமே விலக்கி வைத்த செலவுக்கு அது மருத்துவரின் விருப்பத்தைப் பொறுத்தது. எனவே படிவம் இல்லை என்பதை மட்டும் வைத்து 2,500 டாலரைத் திரும்பப் பெற முடியாது.

ஆனால் இதை ஒட்டி உங்களுக்கு ஓர் உண்மையான உரிமை இருக்கிறது, அதை நீங்கள் கேட்கவில்லை. லென்ஸின் கூடுதல் வேலைக்கு மெடிகேர் பணம் தராது என்பதை அறுவைக்கு முன்பே நோயாளிக்குத் தெரிவிக்க வேண்டும். அதோடு, “இந்த லென்ஸை வைத்துக்கொண்டால்தான் கண்புரை அறுவை செய்வேன்” என்று எந்த மருத்துவரும் நிபந்தனை போடக்கூடாது. சாதாரண லென்ஸோடு அறுவை செய்துகொள்ளும் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். “எல்லாரும் இதைத்தான் வைத்துக்கொள்கிறார்கள்” என்ற பேச்சு நிபந்தனை ஆகிவிடாது. என்றாலும், 73 வயதில் ஆங்கிலப் படிவங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த ஒருவருக்கு இன்னொரு வழி இருக்கிறது என்றே சொல்லாமல் விட்டது சரியான முறையல்ல என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அறுவைக்கு முன் அம்மா வேறு ஏதேனும் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால், அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் மெடிகேர் தராது என்ற வாசகம் இருக்கிறதா, தொகை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால், அதைக் குறிப்பிட்டு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுவதற்கு உங்களுக்கு நியாயம் இருக்கிறது.

லேசர் 900 டாலர்

இப்போது முக்கியமான வரிக்கு வருகிறேன். கண்புரை அறுவையில் கீறல் போடுவது, லென்ஸ் உறையை வட்டமாகத் திறப்பது, கெட்டியான புரையைத் துண்டாக்குவது ஆகியவற்றைக் கத்தி, ஊசி, அல்ட்ராசவுண்ட் கொண்டும் செய்யலாம். கணினி இயக்கும் ஃபெம்டோ லேசர் கொண்டும் செய்யலாம். எந்த முறையில் செய்தாலும் மெடிகேருக்கு அது ஒரே அறுவை, ஒரே தொகை. இதை சிஎம்எஸ் 2012-லேயே தெளிவுபடுத்திவிட்டது. ஆகவே மேற்சொன்ன மூன்று வேலைகளுக்கு மட்டும் லேசரைப் பயன்படுத்தியிருந்தால், அதற்காக மெடிகேர் நோயாளியிடம் தனிக் கட்டணம் வாங்கக்கூடாது.

வாங்கக்கூடிய சந்தர்ப்பங்களும் உண்டு. சிலிண்டர் பவரைக் குறைப்பதற்காகக் கருவிழியின் ஓரத்தில் லேசரால் வில் வடிவக் கீறல் போட்டிருந்தால், அது மெடிகேருக்கு உட்படாத வேலை. அதற்குக் கட்டணம் வாங்கலாம். ப்ரீமியம் லென்ஸைச் சரியான அச்சில் பொருத்துவதற்கென்றே லேசர் கருவியால் படம் எடுத்திருந்தால் அதற்கும் வாங்கலாம். உங்கள் அம்மாவுக்கு வைத்ததோ டோரிக் வேலையும் செய்யும் லென்ஸ். சிலிண்டர் பவரை லென்ஸே சரிசெய்யும்போது, அதற்காகவே வில் கீறலும் தேவைப்பட்டதா என்பது கேட்கவேண்டிய கேள்வி. பதில் ‘ஆம்’ என்றும் வரலாம். சில கண்களுக்கு இரண்டும் தேவைப்படும். ரசீதில் ‘லேசர்’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. அறுவைக் குறிப்பின் நகலை வாங்குங்கள். லேசர் எந்தெந்தக் கட்டத்தில் பயன்பட்டது என்று அதில் எழுதியிருப்பார்கள். கீறல், உறை திறப்பு, புரை துண்டாக்கல் என்று மட்டும் இருந்தால், 900 டாலரைத் திரும்பக் கேட்பதற்கு உங்கள் தரப்பு வலுவானது.

கேட்கும் முறையையும் சொல்கிறேன். தொலைபேசியில் பேச வேண்டாம். மெடிகேர் நோயாளி எழுத்தில் கேட்டால் 30 நாளுக்குள் இனவாரியான பில் கொடுக்க வேண்டும் என்பது விதி. அதைக் குறிப்பிட்டு, அம்மாவின் கையெழுத்தோடு ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள். 2,500 டாலரில் லென்ஸுக்காக மையத்துக்கு எவ்வளவு, கூடுதல் பரிசோதனைகளுக்காக மருத்துவருக்கு எவ்வளவு, 900 டாலர் எந்த வேலைக்கு என்ற மூன்றையும் பிரித்துக் கேளுங்கள். இன்னொன்றையும் சரிபாருங்கள்: லென்ஸின் பவரைக் கணக்கிடும் அளவீட்டுக்கு (92136 அல்லது 76519) மெடிகேரே பணம் தருகிறது, அது அறிக்கையிலும் வந்து, நீங்கள் கட்டிய தொகுப்புக்குள்ளும் இருந்தால், அதுதான் உண்மையான இரட்டைக் கட்டணம். பதில் திருப்தியாக இல்லையென்றால் மெடிகேரின் தொலைபேசி உதவிப் பிரிவில் புகார் பதிவு செய்யலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் இலவசமாக ஏற்பாடு செய்வார்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் ஷிப் என்னும் இலவச ஆலோசனைத் திட்டம் இருக்கிறது. அங்கே காகிதங்களோடு நேரில் போய் உட்கார்ந்தால் பொறுமையாகப் பார்த்துத் தருவார்கள். கடிதத்தைக் குற்றச்சாட்டாக எழுதாமல் விவரம் கேட்பதாகவே எழுதுங்கள். இடது கண் அறுவையையும் அதே மருத்துவர்தான் செய்யப்போகிறார்.

இடது கண்ணுக்கு முன்

இரண்டு கண்ணிலும் ஒரே வகை லென்ஸ்தான் வைக்கவேண்டும் என்று மெடிகேரில் எந்த விதியும் இல்லை. இடது கண்ணுக்குச் சாதாரண லென்ஸ் கேட்டால், உங்கள் செலவு கழிவும் 20 சதவீதமும் மட்டுமே. ஆனால் பார்வை எப்படி அமையும் என்பது பில்லை வைத்து முடிவு செய்கிற காரியமன்று. வலது கண்ணால் அம்மா கண்ணாடியில்லாமல் வார இதழ் படிக்கிறார், ஆனால் இரவில் தெருவிளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இவ்வகை லென்ஸ்களில் அந்த வளையம் அறியப்பட்ட விளைவு. நாளடைவில் பலருக்குப் பழகிப்போகும், சிலருக்குத் தொல்லையாகவே நீடிக்கும். இதை மருத்துவரிடம் அறுவைக்கு முன்பே சொல்லுங்கள். ஒரு கண்ணில் ஒரு வகையும் மறு கண்ணில் வேறு வகையும் இருந்தால் அம்மாவுக்கு ஒத்துவருமா, படிக்க மட்டும் கண்ணாடி போட்டுக்கொள்வது அவருக்குச் சுமையாக இருக்குமா என்பதை அவர் வாயாலேயே சொல்ல விடுங்கள். பிறகு பிடிக்காமல் லென்ஸை மாற்ற வேண்டி வந்தால் அது இன்னோர் அறுவை. அதற்கு மெடிகேர் தருமா என்பது மருத்துவக் காரணத்தைப் பொறுத்தது.

அதே லென்ஸே என்று முடிவானால், பணம் கட்டும் முன் எழுத்தில் பிரித்துத் தரச் சொல்லுங்கள். லேசர் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. முதல் அறுவையிலிருந்து 90 நாளுக்குள் இரண்டாவது நடந்தால், மருத்துவர் 66984-ஓடு இடது கண்ணுக்கான எல்டி-யும், இது தொடர்பற்ற தனி அறுவை என்று காட்டும் 79 என்ற துணைக் குறியீடும் சேர்க்கவேண்டும். அது விட்டுப்போனால் முதல் அறுவையின் தொடர்ச்சி என்று கருதி மெடிகேர் மறுத்துவிடும். அப்படி மறுப்பு வந்தால் பயப்படாதீர்கள், பணமும் கட்டாதீர்கள். அலுவலகமே திருத்தி அனுப்ப வேண்டிய பிழை அது.

கடைசியாகக் கேட்ட கண்ணாடி விஷயம். லென்ஸ் வைத்த ஒவ்வொரு கண்புரை அறுவைக்குப் பிறகும், சாதாரண ஃபிரேமில் ஒரு ஜோடிக் கண்ணாடிக்கு பார்ட் பி பணம் தரும். ப்ரீமியம் லென்ஸ் வைத்தவருக்கும் இது உண்டு. மெடிகேரில் பதிவு பெற்ற கடையில்தான் வாங்கவேண்டும், இதிலும் 20 சதவீதம் உங்கள் பங்கு. இரண்டு அறுவைகளுக்கும் இடையில் கண்ணாடி வாங்கவில்லையென்றால், இரண்டாவதற்குப் பிறகு ஒரு ஜோடி மட்டுமே கிடைக்கும். வலது கண்ணுக்கு இப்போது கண்ணாடி தேவையா என்று மருத்துவரைக் கேளுங்கள். தேவை என்றால் இடது கண் அறுவைத் தேதிக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.